ஒசாக்காவில் பதினோராவது வெள்ளி

கலியாணம் முடிந்து பத்தொன்பதாம் நாள் நானும் மனைவியும் ஒசாக்காவில் நின்றோம். அன்று வெள்ளிக்கிழமை. அவளுக்கு அது பதினோராவது வெள்ளி.

கோடையில் சுவிஸில் ரெனான் நகரத்தில் இருக்கும் அவளுடைய அப்பாவுக்கு இருதய ஒபரேஷன் நடந்தபோது, அவள் திரிம்பாக் கோயில் அம்மனிடம் நேர்ந்துகொண்டாள். பதினொரு வெள்ளி மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை, பன்னிரண்டாவது வெள்ளி அர்ச்சனை. வெள்ளியில் சைவம் என்பது எங்கள் வீடுகளில் கொஞ்சம் தளர்ந்துபோன வழக்கம்தான். ஆனால் நேர்த்தி வேறு. பத்து வெள்ளி பிசகில்லாமல் போயிருந்தது. இந்தப் பதினோராவது வெள்ளியில்தான் மாமாவுக்கு டொக்டர் மறுபடி நெஞ்சைப் படம் பிடித்துப் பார்ப்பதாக இருந்தது.

விமான நிலையத்தில் மாமி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, அவள் மறந்தாலும் நீங்கள் மறக்காதேங்கோ. நீங்கள் சமையல்காரன். சாப்பாட்டிலை உங்களை ஒருத்தரும் ஏமாத்தேலாது."

உண்மைதான். ஆரா நகரத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, பார்த்துப் பார்த்தே பழகி, இன்று சோஸ் அடுப்பு என் பொறுப்பில் இருக்கிறது. படித்த சமையல் இல்லை, நாக்குத்தான் பள்ளிக்கூடம்.

மத்தியானம் கூரை போட்ட ஒரு நீளமான கடைத்தெருவில் சின்ன நூடுல்ஸ் கடைக்குள் போனோம். கடைக்கார அம்மாவிடம் தொலைபேசியை நீட்டினேன். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் அது காட்டியது. அவர் இரண்டு தரம் வாசித்துத் தலையாட்டினார். கிண்ணங்கள் வந்தன. தடித்த நூடுல்ஸ், இனிப்பூட்டிய டோஃபுத் துண்டு, வெங்காயத்தாள். இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. சொந்தக்காரரின் வட்ஸப் குழுவுக்காக நான் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் பசியில் தொடங்கிவிட்டாள். நான் கரண்டியை வாயில் வைத்தபோது அவளுடைய கிண்ணத்தில் முக்கால்வாசி முடிந்திருந்தது.

மாசி.

எங்கள் பக்கம் சம்பலுக்கு இடித்துப் போடுவோமே, அவித்து, புகையூட்டி, விறகுக்கட்டை மாதிரிக் காயவைத்த சூரை மீன், அதே வாசம். ஜப்பான்காரரும் அந்த மாதிரி மீனைச் சீவிப் போட்டுத்தான் சூப் வைப்பார்கள் என்று எப்போதோ வாசித்திருந்தேன். சாப்பாடு சொல்லும்போது அது நினைவுக்கு வரவில்லை. அந்த அம்மாவும் ஏமாற்றவில்லை. மீன் துண்டு வேண்டாம் என்றுதானே விளங்கியிருப்பார். ரெனானில் பிறந்தவளுக்கு மாசி தெரியாது. மாமி சம்பலில் அதைப் போடுவதில்லை.

"என்ன, உப்போ?" என்று கேட்டாள்.

"இல்லை. சூடு."

அவள் கிண்ணத்தைத் தூக்கி மிச்சத்தையும் குடித்தாள். நானும் குடித்தேன்.

பிறகு ஒசாக்காக் கோட்டை. அகழியைச் சுற்றி நடந்தோம், எட்டு மாடி ஏறினோம், நகரம் முழுவதையும் மேலிருந்து பார்த்தோம். மாமாவின் படம் எப்படி வருமோ என்று அவள் மணிக்கு ஒரு தரம் சுவிஸ் நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். அகழியோரம் ஒரு சீனப் பெண் எங்களைப் படம் எடுத்துத் தந்தாள்.

"முகத்தை வடிவாய் வையுங்கோவன். பல்லுக்குத்தோ?" என்றாள் மனைவி.

"ஓம், கொஞ்சம்."

எங்கள் குசினியில் கோப்பை கழுவும் போர்த்துக்கேயர் அடிக்கடி சொல்வார், மீன் தன் வாயால்தான் சாகுமாம். நாங்கள் அதையே தவளைக்குச் சொல்கிறோம். அன்று நான் மீனுமில்லை, தவளையுமில்லை. வாயை மூடிக்கொண்டே கெட்டேன்.

ஆறு மணியளவில் வாய்க்கால் ஓரம் விளம்பர வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மாமி அழைத்தார். படம் நல்லாக இருக்கிறது, இனி ஆறு மாதத்துக்கு வரத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னாராம். மாமா பின்னால் நின்று, "ஜப்பானிலை என்ன மலிவு எண்டு கேள்," என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்தாள்.

"பதினொண்டும் முடிஞ்சுது. அம்மன் கைவிடேல்லை."

"இஞ்சேரும்," என்றேன். "மத்தியானச் சூப்பிலை மீன் இருந்தது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "எப்ப தெரியும்?"

"முதல் வாயிலேயே."

"அப்ப கோட்டையிலை தெரியும். படம் எடுக்கேக்கையும் தெரியும்."

"ஓம்."

"பல்லுக்குத்து?"

"இல்லை."

"நல்ல செய்தி வந்தாப் பிறகு சொல்லுறது லேசுதானே," என்றாள். "அப்பாவுக்குக் கூடாம வந்திருந்தால் சொல்லியிருப்பீங்களோ?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றைத்தான் அவள் அப்படியே ஏற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். ஹோட்டல்வரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

அடுத்த வெள்ளி திரிம்பாக் கோயிலில் ஐயரிடம் நடந்ததைச் சொன்னாள். "தெரியாமல் நடந்ததுக்குத் தோஷமில்லைப் பிள்ளை," என்றார் அவர்.

"எனக்குத் தெரியாது ஐயா. இவருக்குத் தெரியும்."

ஐயர் என்னைப் பார்த்தார். "தம்பி, கிண்ணத்திலை மிச்சம் விட்டனீரோ?"

"இல்லை ஐயா."

அவர் அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனார். என் மனைவி சிரிக்கவில்லை. "தெரிஞ்சு குடிச்ச ஆள் பதினொரு வெள்ளி பிடிக்கட்டும்," என்றாள், அம்மனைப் பார்த்தபடி.

இது என்னுடைய ஏழாவது வெள்ளி. எங்கள் உணவகத்தில் வெள்ளிக்கிழமைதான் மீன் நாள். சோஸை ருசி பார்க்கப் போர்த்துக்கேயரைக் கூப்பிடுகிறேன். உப்புக் காணாது என்றால் போடுகிறேன். அவருக்கு இப்போது கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவள் அறைக்குள் இருந்து கேட்பாள். "இண்டைக்கு என்னென்ன வாயிலை வைச்சனீங்கள்?"

காலைக் கோப்பியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் சோறு போடுகிறாள்.