லூர்து அக்கா பேர் சொல்லிவிட்டுப் போன வீடு

செல்வி போனில் சாவு என்று சொல்லவில்லை. "அத்தை, அக்கா இன்னும் காப்பி குடிக்கல. செத்த வாங்களேன்" என்றாள். ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். நாகல் நகர் போய்ச் சேரும்வரை கையில் செபமாலை ஓடியது. லூர்து அக்கா கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஆண்டவர் நல்ல சாவைத்தான் கொடுத்தார்.

கோயில் வாசலில் மெழுகுவத்தியும் செபமாலையும் விற்ற அக்காவை உங்களுக்கெல்லாம் தெரியும். கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அப்பா கட்டிய ஓட்டுவீடு மட்டும் இருந்தது. அதன் பின்பக்கம் சின்னாளப்பட்டிக்காரி செல்வி குடியிருந்து இடியாப்பம் அவித்து விற்றாள். புருஷனை இழந்தவள், முருகனைக் கும்பிடுகிறவள். அக்கா படுத்ததிலிருந்து குளிப்பாட்டியது, ஊட்டிவிட்டது எல்லாம் அவள்தான்.

சில வருடங்களுக்கு முன் அடுத்த தெருவில் வாரிசில்லாத பெரியவர் ஒருவர் இறந்தார். உயிலும் எழுதவில்லை. அதிகாரிகள் வந்து, இனி அரசாங்கத்துக்குத்தான் சேரும் என்று வீட்டைப் பூட்டி சீல் வைத்தார்கள். அதில் வாடகைக்கு இருந்த தையல்காரர் மெஷினோடு தெருவில் நின்றார். நாளடைவில் கூரை விழுந்து, வாசலில் எருக்கு முளைத்தது. பூசைக்குப் போகும்போதெல்லாம் அக்கா அங்கே நின்று பார்ப்பார்.

"யாருமே இல்லாத மனுசனா அவரு? தெனமும் அந்தத் தையக்காரரு கூடத்தான டீ குடிச்சாரு. வீடு யாருக்குன்னு பேரச் சொல்லாமப் போயிட்டாரு, அம்புட்டுத்தான்" என்றார் ஒரு நாள்.

அதன்பின் அக்கா சும்மா இருக்கவில்லை. என்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு உயில் எழுதப் போனார். பத்திரம் எழுதுகிறவர் செல்வி என்ன உறவு என்று கேட்டார். உறவில்லை என்றோம். உங்கள் வேதக்காரியா என்றார். அதுவுமில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அக்கா அசரவில்லை.

"எனக்குக் காச்சல்னா முழிச்சிருக்கவ பேர எழுதுங்க தம்பி. உறவ நான் பாத்துக்கிறேன்."

அடக்கத்துக்கு வத்தலக்குண்டிலிருந்து ஒருவர் வந்தார், தூரத்துச் சொந்தமாம். ஒரு திருவிழாவுக்குக்கூட எட்டிப்பார்க்காதவர். குழியில் முதல் பிடி மண் போடுகிறவருக்கே சொத்து என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டல்லவா? அதை நம்பி, செல்வியை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். அக்கா தெருப் பையன்கள் மல்லுக்குப் போகப் பார்த்தார்கள். நான்தான் தடுத்தேன். இதையும் அக்கா என்னிடம் சொல்லி வைத்திருந்தார்: "எவனாச்சும் வருவான். மொதப் பிடி மண்ண அவனே போடட்டும், புண்ணியந்தான். வீடு செல்விக்கு."

அவரே போட்டார். எல்லாரும் போட்டபிறகுதான் செல்வி போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செல்வியிடம், "என்னைக்குக் காலி பண்ற?" என்றார். நான் சொன்னேன்: "மண்ணு போட்டதுக்கு மகராசனா இருங்க. வீட்ட அக்கா உயிரோட இருக்கையிலேயே இவளுக்கு எழுதிட்டாக. சாட்சிக் கையெழுத்து என்னோடது. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுத்தான் போனார்.

இன்று அந்த வீட்டில் மாதா சுரூபத்துக்கும் முருகன் படத்துக்கும் செல்வியே விளக்கேற்றுகிறாள். இடியாப்பச் சட்டி முன்பக்கத்துக்கு வந்துவிட்டது.

அக்காவின் ஆன்மாவுக்காகப் பூசை கேட்கப் போனபோது, யார் கேட்ட பூசை என்று வாசிக்க வேண்டும் என்று பூசைக் குறிப்பு எழுதும் கோயில் பிள்ளை கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். "லூர்து அக்கா வாரிசு செல்வின்னு எழுதுங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமை நிறைந்த கோயிலில் பங்குச் சாமியார் அதை அப்படியே வாசித்தார். கடைசி வரிசையில் நின்ற செல்வி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அக்கா தன் பிள்ளையின் பேரைச் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கூட இருந்து கேட்டவள் நான். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெருமையைத்தான்.