எஞ்சின் ஓடிய ஒரு மணி நேரம்

என் கணவரின் நெஞ்சுக்குள் ஒரு பேட்டரி இருந்தது. இதயம் நின்று நின்று துடித்ததால், கொழும்பில் ஒரு வெளிநாட்டு டாக்டர் கழுத்தெலும்புக்குக் கீழே கீறி, சின்ன இயந்திரம் ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார். துடிப்பை அதுதான் ஓட்டும். வாரம் ஒரு தடவை அதற்கு சார்ஜ் ஏற்ற வேண்டும். வட்டத் தட்டு ஒன்றை நெஞ்சின் மேல் வாரால் கட்டி, அதன் பெட்டியைக் கரண்டில் சொருகினால் தோலைத் தாண்டி உள்ளே ஏறும். எல்லாம் சரி, கரண்டுக்கு எங்கே போவது? எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குப்பி விளக்குதான். சொன்னபோது அந்த டாக்டர் நம்பவே இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் லயத்தைக் கண்டாரா?

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எஞ்சின் ஓடினால் கரண்ட் வரும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மனசு வைத்து ஒரு மூலையில் உட்கார மர வாங்கு ஒன்று போட்டுக் கொடுத்தார். வாரா வாரம் அங்கே போய் உயிரை ஏற்றிக்கொண்டு வருவோம்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. கொழுந்து இல்லை, அதனால் எஞ்சினும் இல்லை. அதே நேரம் மழையில் மண் சரிந்து, கரண்ட் உள்ள டவுனுக்குப் போகும் பதுளை ரோடும் அடைபட்டது. சார்ஜ் ஏற்றாமல் வாரங்கள் போயின. அவர் எழுந்து நின்றாலே கண் இருட்டியது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் எனக்கு உயிர் போய் வரும்.

லயத்தில் ரேடியோ பேட்டரி இறங்கிப்போனால் தகரக் கூரையில் வெயிலில் காயப் போடுவோம். அன்று சாயந்தரம் பாட்டுக் கேட்க அது போதும். மழை விட்டதும் என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு, வாசலில் வெயிலுக்கு நெஞ்சைக் காட்டி உட்கார்ந்தார்.

"என்னங்க இது?"

"ரேடியோ பேட்டரிக்கு ஏறுதுல்ல? இதுக்கும் ஏறும். இப்பவே கொஞ்சம் தெம்பா இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஞ்சினை ஓட்டச் சொல்லி ஸ்டோரில் கேட்டால் கருங்காலி என்பார்களாம். அதற்குப் பயந்து மனுசன் சூரியனிடம் கையேந்துகிறார்!

என் அண்ணனிடம் ஓடினேன். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அவர்தான்.

"அண்ணே, ஒரு மணி நேரம் எஞ்சின ஓட விடு."

"சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும் புள்ள. நாம வேலைக்கு எறங்கிட்டோம்னு நெனைச்சுருவாங்க."

"அப்ப அவரச் சாகச் சொல்றியா?"

அண்ணன் என்னோடு வந்தார். உதடு வெளுத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "வாங்க மச்சான், வெயில் நல்லா இருக்கு" என்று சிரித்தார் என் கணவர். அண்ணனால் பார்க்க முடியவில்லை.

அண்ணனே லயம் லயமாகப் போய் விசயத்தைச் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் சொல்லியனுப்ப நேரமில்லை. வேலை நடப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது, எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிறகு என் கணவரை முதுகில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தனியாக வாசலில் போய் நின்றார். டீமேக்கர் ஐயா எஞ்சினை ஓட விட்டார். நான் தட்டை வைத்து வாரைக் கட்டினேன்.

பாதி நேரம் கூட ஆகவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் மலை இறங்கி வந்துவிட்டார்கள்.

"கருங்காலிப் பயலே, எஞ்சின நிறுத்துடா!"

"கொஞ்சம் கேளுங்க, உள்ள ஒரு நோயாளி..."

அண்ணன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தகரத்தில் கல் விழுந்தது. பிறகு கல் தகரத்தில் விழும் சத்தம் நின்று, அடி விழும் சத்தம் கேட்டது. டீமேக்கர் ஐயா, "நிறுத்தவா, வேணாமா? நிறுத்தினா மறுபடி ஓட்ட மாட்டேன் அம்மா, சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

"நிறுத்தாதீங்க" என்றேன்.

என் கணவர் வாரை அவிழ்க்கப் பார்த்தார். நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து வாங்கோடு அழுத்தினேன். தடுக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"விடு புள்ள, என்னால அவர் அடி வாங்குறாரு. அது ஒன் அண்ணன்டி!"

வெளியே அண்ணன் என் பேரைச் சொல்லிக் கத்தினார். நான் கையை விடவில்லை.