தீவுகளை நடுவில் வரைந்தவர்

செய்தியும் அழைப்பிதழும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. காலை அனுஷ்டானத்தை முடித்துக் கைப்பேசியை எடுத்தேன். எங்கள் ஃப்ரீமான்ட் மூத்தோர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் கண்ணில் பட்டது அருள்தாஸ் சாரின் சிரித்த முகம். "சனிக்கிழமை உரை: மாலத்தீவும் அதன் அண்டை நாடுகளும்." அதன்கீழே அவருடைய மகள் ஷீலா இரண்டே வரிகள் எழுதியிருந்தாள். அப்பா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றன அவை. அழைப்பைப் பார்த்த யாரோ ஒருவர் கீழே இருந்ததைப் படிக்காமல், "கட்டாயம் வருகிறேன் சார்" என்று பதில் போட்டிருந்தார். அந்தப் பதில் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு சொல்: அருள்தாஸ் தூத்துக்குடிக்காரர். சரித்திர ஆசிரியர். இளமையில் மாலத்தீவுக்குப் பாடம் நடத்தப் போனவர், முதலில் தலைநகரான மாலேயிலும் பிறகு பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள அட்டுத் தீவிலுமாக அங்கேயே தம் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தார். ஓய்வுபெற்றபின் மகள் வீட்டுக்கு வந்தார். நான் மகன் வீட்டுக்கு வந்தவன். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் கிறிஸ்தவர்; நான் பாசுரமும் வேதமும் ஓதி வளர்ந்த வைஷ்ணவன். எங்களைச் சேர்த்து வைத்தது அவருடைய கார். எனக்கு இந்த ஊரில் வண்டி ஓட்டும் தைரியம் வரவில்லை. லிவர்மோர் கோயிலுக்கு மலைச்சாலை வழியாக என்னை அழைத்துப்போனவர் அவர்தான். "எனக்குப் புளியோதரை, உங்களுக்குப் பெருமாள். ரெண்டு பேருக்கும் லாபம்தான் சாமி" என்பார்.

அவர் எங்கள் வட்டத்தில் முதன்முறை பேசிய நாள் பலருக்கு நினைவிருக்கும். ஏற்பாடுகளைக் கவனிக்கும் ரமணி, மாலத்தீவு என்றதும் கடல்மேல் கட்டிய விடுதிப் படத்தைப் போட்டு அழைப்பிதழ் தயாரித்துவிட்டாள். நூலக அறை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர் எடுத்த எடுப்பில், "ஹாஃப் போர்டா ஃபுல் போர்டா சார்? பேக்கேஜ்ல ஃப்ளைட் இன்க்ளூட் ஆகுமா?" என்று கேட்டார். அருள்தாஸ் சார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "போர்டு இங்க இருக்கு" என்று வெள்ளைப் பலகையின் பக்கம் திரும்பினார்.

பலகையின் நடுவே மேலிருந்து கீழாகப் புள்ளிகளை வைத்தார். புள்ளிகளின் தென்கோடிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அது பூமத்திய ரேகை. வலப்பக்க ஓரத்தில் இலங்கையில் பாதி தெரிந்தது. மேல் மூலையில் ஒரு சிறு முக்கோணம், அது கன்னியாகுமரி. அதற்குமேல் பலகையே இல்லை.

"இந்தியா எங்க சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"அதுதான் வந்திருக்கே, கால் பெருவிரல் அளவுக்கு."

"சைனா?"

"அது சீலிங்கில இருக்கு. பாலம் கட்டி இறங்கி வந்துட்டு இருக்கு."

அறை சிரித்தது. அவர் சொன்னார்: "எந்த நாட்டைப் பத்திப் பேசுதோமோ அதை நடுவுல வைக்கணும். நம்ம ஊரை ஓரத்துக்குத் தள்ளிப் பாக்கணும். அப்பந்தான் அங்க உள்ளவனுக்கு நாம எப்பிடித் தெரியுதோம்னு புரியும்." எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும் அவர் வேலை செய்யும் முறை இதுவாகவே இருந்தது.

எனக்கும் அவருக்கும் வழக்கு தொடங்கியதும் அங்கேதான். கூட்டம் முடிந்து திரும்பும்போது நான் சொன்னேன்: "சார், நம்முடைய சோழச் சக்கரவர்த்தி அந்தத் தீவுகளை வென்றதாக மெய்க்கீர்த்தியே இருக்கு. கல்லில் வெட்டிய தமிழ். அங்கிருந்தல்லவா நீங்கள் ஆரம்பித்திருக்கணும்?" அவர் மவ்ரி அவென்யூ மளிகைக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஜெயிச்சவன் கல்லுல வெட்டி வச்சிட்டான் சாமி. சரி. அங்க உள்ளவங்க என்னத்தக் கொண்டாடுதாங்கன்னு கேட்டீங்களா? போர்ச்சுக்கீசியனை விரட்டுறதுக்குப் படகுல தீவு தீவா ராத்திரியில போன ஒருத்தரு. அவரு பேருல நாளு இருக்கு, லீவு இருக்கு. உங்க சோழர் அவங்க பாடப்புத்தகத்துல ஒரு வரிகூட வரமாட்டாரு."

"வரலைன்னா நடக்கலைன்னு அர்த்தமா?"

"நடந்திச்சு. யாருக்கு நடந்திச்சுங்கதுதான் கேள்வி."

அந்த வாதம் கார் பயணம்தோறும் தொடர்ந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அந்தக் கல்வெட்டின் தமிழை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது. அவர் அதைக் குறை கூறவும் இல்லை. பாட்டைப் பாராட்டுவார், பாட்டுக்குள் இருக்கும் படகில் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்பார்.

அவர் தீவுக்காரர்களின் வக்கீலாகவும் இருக்கவில்லை. அட்டுவில் அவர் வாழ்ந்தபோது, அங்குள்ளவர்கள் மாலேயைப் பற்றிப் பேசியது, மாலேக்காரர்கள் இந்தியாவைப் பற்றிப் பேசியதைப் போலவே இருந்ததாம். பிரிட்டிஷ் விமானத்தளம் அங்கே இருந்த காலத்தில் தெற்குத் தீவுகள் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டு, சில ஆண்டுகளில் அடங்கிப்போன கதையை வயதானவர்கள் அவரிடம் குரல் தாழ்த்திச் சொல்வார்களாம். "குட்டி நாட்டுக்குள்ளயும் ஒரு குட்டி நாடு இருக்கு சாமி. அதுக்குள்ளயும் ஒரு வீடு இருக்கும்."

அண்மையில் அந்த நாட்டு அரசு இந்தியப் படைவீரர்களைத் திரும்பப் போகச் சொன்னபோது எங்கள் குழுவில் சினம் பொங்கியது. நன்றிகெட்டவர்கள், இனி அங்கே யாரும் சுற்றுலா போகக்கூடாது என்று செய்திகள் பறந்தன. அருள்தாஸ் சார் குரல் செய்தி ஒன்று அனுப்பினார். மாலேயில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தியக் கப்பலும் விமானமும் தண்ணீர் கொண்டுபோனதை முதலில் சொன்னார். தூத்துக்குடித் தோணி வராத வாரத்தில் அங்கே வெங்காயம் என்ன பாடுபடும் என்பதையும் சொன்னார். பிறகு: "உதவிக்கு வந்தவங்க எப்பக் கிளம்புவீங்கன்னு கேட்டா அது நன்றிகெட்டதனமா? பேரப்பிள்ளை பாக்க ஒத்தாசைக்குன்னு வந்த நாம இன்னும் இங்கதான இருக்கோம். மருமகன் வாய் திறந்து கேக்கல, அவ்வளவுதான்."  மாலையில் ஒருவர் மட்டும் சிரிக்கும் பொம்மை ஒன்று போட்டார்.

ஒரு நாள் லிவர்மோர் கோயிலில் என் அருகே நின்று அர்ச்சகர் சொன்ன சங்கல்பத்தைக் கேட்டவர், பிரசாத வரிசையில் விளக்கம் கேட்டார். எந்தக் கர்மத்தையும் தொடங்குமுன், எந்தத் த்வீபமாகிய தீவில், எந்த வர்ஷமாகிய நிலப்பகுதியில், மேருவுக்கு எந்தத் திசையில் நின்று இதைச் செய்கிறேன் என்று பகவானிடம் அறிவித்துக்கொள்வது எங்கள் முறை என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப தினமும் காலையில நீங்க என் பாடத்தத்தான் நடத்துதீங்க! எங்க நிக்கோம்னு சொல்லிட்டுத்தான் மத்த பேச்சு."

"அப்படித்தான் வச்சுக்கோங்கோ."

"வீட்டுல என்ன சொல்லுவீங்க?"

இந்த நாட்டில் சில அர்ச்சகர்கள் அவ்விடத்தில் வேறு த்வீபத்தின் பெயரைச் சொல்வதுண்டு. நான் ஊரில் கற்றபடி பாரத வர்ஷம், பரதக் கண்டம் என்றே சொல்லிவந்தேன். அதைச் சொன்னேன்.

"ஃப்ரீமான்ட்ல நின்னுக்கிட்டா? அட்ரஸ் தப்பாப் போயிராதா சாமி?"

"பகவானுக்கு அட்ரஸ் தெரியும் சார்."

"அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியணும்லா?"

எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. தேகம் எங்கே இருந்தாலும் கர்மத்தின் வேர் அங்கேதான் என்று நெடுநேரம் வாதிட்டேன். மலைச்சாலை முழுவதும் அவர் தலையாட்டிக்கொண்டே வண்டி ஓட்டினார். 

இனி, அவர் பேசாமல் விட்டுப்போன உரைக்கு வருகிறேன். அதில் அவர் சொல்ல இருந்த, காரில் என்னிடம் முன்பே சொல்லியிருந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. எண்பத்தெட்டாம் ஆண்டு நவம்பரில், மாலேயில் ஆட்சியைக் கவிழ்க்க இலங்கையிலிருந்து கூலிக்கு வந்து இறங்கிய ஆயுதக் குழுவினர் தமிழ் பேசியவர்கள். அவர் அப்போது ஒரு வீட்டின் மாடி அறையில் குடியிருந்தார். விடியலில் துப்பாக்கிச் சத்தம். கீழே சந்தில் தம் தாய்மொழியில் யாரோ கட்டளையிடுவது காதில் விழுந்ததும், என்ன ஏது என்று கேட்கச் சன்னலுக்குப் போனார். வீட்டுக்கார அம்மாள் ஓடிவந்து அவர் வாயைக் கையால் பொத்தினாள். அன்று பகல் முழுவதும் அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. இரவில் இந்திய வீரர்கள் விமானத்தில் வந்திறங்கினார்கள். எல்லாம் அடங்கியபின் அந்த அம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாளாம்: "சுட வந்தவர்களும் உன் பேச்சு. காப்பாற்ற வந்தவர்களும் உன் நாடு. நீ யார்?"

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டு மாடி ரூம்ல இருக்கவன்னு சொன்னேன். அதுக்குமேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல சாமி. இன்னைக்கும் இல்ல."

இந்தப் பகுதியை விட்டுவிடும்படி எங்கள் வட்டத்தின் யாழ்ப்பாணத்து டாக்டர் குகன் அவரைக் கேட்டிருந்தார். அது எனக்கு அவர் இறந்த பிறகே தெரிந்தது. உரைக்கான நாளை நினைவுக் கூட்டமாக மாற்றிய ரமணி, "அங்கிள், நீங்கதான் அவர்கூட டெய்லி ஆர்க்யூ பண்ணிட்டிருந்தீங்க. நீங்களே அவர் டாக்கை பிரசென்ட் பண்ணிடுங்களேன்" என்றாள். அன்று மாலை டாக்டர் தொலைபேசினார்.

"அண்ணை, அந்த எண்பத்தெட்டுக் கதையை விட்டிடலாமோ? நாங்கள் இங்க கொஞ்சப் பேர். பிள்ளையள் வேற வருவினம். எங்கட பெயரைச் சொன்னாலே சனத்துக்கு உதுதான் ஞாபகம் வரும்."

"அருள்தாஸ் சார் என்ன சொன்னார்?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டவர். சொல்லேல்லை."

அந்த வாரம் எனக்கு நிலைகொள்ளவில்லை. பாராயணத்தில் அமர்ந்தால் அடி மறந்தது. டாக்டரின் வலி நியாயமானது. உரையோ நண்பருடையது. வெட்ட எனக்கு அதிகாரமில்லை. அவர் ஒப்புக்கொள்ளாத மெய்க்கீர்த்தியை நான் முன்னால் வைத்தால் அது என் உரையாகிவிடும். வைக்காவிட்டால், நான் நம்புவதை மறைத்தவனாவேன். அவர் ஏதேனும் எழுதி வைத்திருக்கிறாரா என்று ஷீலாவைக் கேட்டேன். "அப்பா நோட்ஸ் எழுதுற பழக்கமே கிடையாது அங்கிள். எல்லாம் போர்டுதான்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆசமனம் செய்து சங்கல்பத்தைத் தொடங்கினேன். இடத்தின் பெயர் வரும்போது நாக்கு நின்றது. என்னை அறியாமல் அவர் குரலில் கேட்டுக்கொண்டேன், எங்கே நிற்கிறேன் என்று. அன்றைய உரையை எப்படித் தொடங்குவது என்பது அந்தத் தயக்கத்தில்தான் தெரிந்தது.

நூலக அறையில் பலகையின் நடுவே புள்ளிகளை வைத்தேன். கோடு இழுத்தேன். மூலையில் கன்னியாகுமரியைப் பெருவிரல் அளவுக்கு வரைந்தேன். இலங்கை சற்றுக் கோணலாக வந்தது. பிறகு சொன்னேன்: "இந்தத் தீவுகளை வென்றோம் என்று கல்லில் எழுதியவர்களின் மொழியில் நான் பேசுகிறேன். அந்தக் கல்லின் தமிழ் எனக்கு உயிர். அதைச் சொல்லிவிட்டுத்தான் நான் அவர்களைப் பற்றிப் பேச முடியும்." அதன்பின் அவர் சொல்லியிருக்கக்கூடிய வரிசையில் சொன்னேன். இரவில் தீவு தீவாகப் போன படகு, தெற்கின் தனி நாடு, தண்ணீர் கொண்டுபோன கப்பல், திரும்பப் போகச் சொல்லப்பட்ட வீரர்கள். கடைசியில் மாடி அறை. வந்தவர்கள் எந்த ஊர் என்று நான் சொல்லவில்லை. தமிழ் பேசினார்கள் என்றேன். அதில் நானும் அடக்கம் என்றேன். வாயைப் பொத்திய கையையும் தேநீரையும் சொன்னேன். அந்த அம்மாளின் கேள்வியோடு அமர்ந்துவிட்டேன். அதற்கு அப்பா சொன்ன விடையை ஷீலா எழுந்து சொன்னாள். அவளுக்கும் அது சிறு வயதிலிருந்தே தெரியுமாம்.

கூட்டம் கலைந்தபின் டாக்டர் குகன் என் அருகில் வந்து நின்றார். 

"சொல்லிப்போட்டியள்."

"சொல்லிட்டேன் டாக்டர். உங்களுக்கு வருத்தம்தான்."

"வருத்தம்தான்." பலகைத் துடைப்பானை எடுத்தவர் துடைக்காமல் திரும்ப வைத்தார். "அந்த மனுசி கேட்ட கேள்வியை எங்களிட்டையும் கனபேர் கேட்டவை அண்ணை. எங்களுக்கு மாடி அறை எண்டு சொல்லத் தெரியேல்லை."

அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குக் காரில் கொண்டுவந்து விட்டார். 

அருள்தாஸ் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: தினமும் காலையில் சங்கல்பத்தின் நடுவே வரும் ஒரு தடை. பழைய பெயரைச் சொல்ல வாய் எடுக்கிறேன், அவர் கேட்கிறார். புதிய பெயரைச் சொல்லப் பார்க்கிறேன். என் ஊர் கேட்கிறது. கையில் தீர்த்தம் அப்படியே இருக்கிறது. சில நாட்களில் ஒன்றைச் சொல்கிறேன், சில நாட்களில் மற்றதை. ஆனால் எங்கே நிற்கிறேன் என்று பார்க்காமல் இனி அந்த இடத்தைத் தாண்ட முடிவதில்லை.