அட்டையில் இல்லாத மயக்கம்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன், கைதட்டல் வாங்குவதற்காக மயங்கி விழுந்தான் என்றால் நம்புவீர்களா? அந்த மனிதன் நான்தான். போன வருஷம், எலுவன்குளத்துக் காட்டோரத்தில், ஒரு காலை நேரம்.

இராணுவத் தாதிமாருக்குக் காட்டிலும் மலையிலும் ஆட்களைக் காப்பாற்றும் பயிற்சி. காயக்காரராக நடிக்க ஊராட்கள் வேண்டும் என்றார்கள். தங்கச்சி மாப்பிள்ளையான மச்சானையும் இழுத்துக்கொண்டு போனேன். ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். மச்சானுக்குத் தொடையில் இரத்தப் பெருக்கு. எனக்கு வெறும் கால் முறிவு. ‘நினைவு உண்டு, கதைப்பார்’ என்று எழுதியிருந்தது. நாலு புத்தகம் படித்தவனுக்கு இவ்வளவு சின்னப் பாத்திரமா என்று மனம் பொறுக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் பொறுப்பு ஒரு இளம் தாதி. இதில் தேறினால்தான் அடுத்து மலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்று, தெரிந்த தமிழில் முதலே சொல்லியிருந்தாள்.

“மிஸ், ரத்தம் ஓடுது, கெதியா வாங்க!” மச்சான் அட்டைப்படி கத்தினார். அவரிடம் ஓடியவள் என்னைக் கடக்கும் நேரம் பார்த்து, நான் கண்ணைச் செருகிக்கொண்டு சரிந்தேன்.

அரைக்கண்ணால் பார்த்தேன். அவள் நின்றாள். அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். இது நடிப்பில்லை, உண்மையாகவே விழுந்துவிட்டார் என்று சிங்களத்தில் அதிகாரியைக் கூப்பிட்டாள். தன் தொப்பியால் என் முகத்துக்கு நிழல் பிடித்தாள். கழுத்தில் விரல் வைத்து நாடி தேடினாள்.

அதிகாரி ஓடி வந்ததும் கண்ணைத் திறந்து, “எப்படி நம்மட நடிப்பு?” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, எழுந்து மச்சானிடம் ஓடினாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, மச்சானைக் காட்டி, அந்த ஆள் இரத்தம் போய்ச் செத்து இரண்டு நிமிஷம் என்றார். அவள் தேறவில்லை.

பிழை என்னுடையது, இன்னொரு தடவை விடுங்கள் என்று கெஞ்சினேன். மலையில் இன்னொரு தடவை கிடையாது என்றுவிட்டார் அவர்.

புறப்படும்போது அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, “ஐயா, வெயில் கடுமை. குடிங்க” என்றாள். ஏசியிருந்தால் நிம்மதியாக வீடு வந்திருப்பேன்.

இப்போதும் நான் சொன்ன எதற்காவது நாலு பேர் சிரித்தால், சிரிக்காத முகம் எங்கே என்றுதான் கண் தேடுகிறது.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் மச்சான் சொன்னார்: “நான் ரத்தம் போய் மௌத்தானது போகட்டும். உங்கட நடிப்ப நம்பின ஒரே ஆள் அந்தப் புள்ளதான். அதையும் பெயிலாக்கிட்டீங்களே மச்சான்!”