டைம் கீப்பருக்கு ஓய்வு கொடுத்த கதை

முதல் நாள்

தேனி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகச் சேர்ந்த அன்று, காலை நாலே முக்காலுக்கே போய் நின்றேன். தேய்த்த சட்டை, புது விசில். எங்கள் கம்பெனியின் தகரக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தால், முந்தாநாள் ரிட்டயர்டு ஆன பழைய டைம் கீப்பர் என் நாற்காலியில் உட்கார்ந்து என் ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டைம் கீப்பர் வேலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் சொல்வது எழுபதுகளின் நடுவில். கம்பம் போகிற வண்டிக்கு ஆறு பத்து பர்மிட் என்றால் ஆறு பத்துக்கு எடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் முன்னால் போன கம்பெனிக்காரன் சண்டைக்கு வருவான். ஒரு நிமிஷம் பிந்தினால் பின்னால் நிற்கிற கம்பெனிக்காரன் வருவான். இரண்டு பேருக்கும் நடுவில் வாயில் விசிலோடு நின்று அடி வாங்குகிற ஆள்தான் டைம் கீப்பர். வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதி, டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு, அவர் விசில் ஊதினால்தான் டிரைவர் கியரைத் தொடுவார்.

பழையவர் பெயர் ராமசாமி. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கூண்டில் இருந்தவர். டைம் கீப்பர் என்பதைச் சுருக்கி எல்லோரும் அவரை 'டி.கே.' என்றே கூப்பிடுவார்கள். டி.கே. என்றால் சாமி இல்லை என்கிற திராவிடர் கழகம் என்று நினைக்கும் வெளியூர்க்காரர்கள், நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதரை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு முழிப்பார்கள்.

முந்தாநாள்தான் அவருக்கு வழியனுப்பு விழா நடந்தது. மாலை போட்டோம். ஸ்டாஃப் எல்லோரும் சேர்ந்து ஒரு ஈஸி சேர் வாங்கிக் கொடுத்தோம். "இனிமே டி.கே. நல்லா ரெஸ்ட் எடுக்கணும்" என்று முதலாளி மைக்கில் பேசினார். ஸ்பேர் வண்டியின் மேல் ஈஸி சேரைக் கட்டி, மாலையோடு அவரை முன் சீட்டில் உட்காரவைத்து, பழனிசெட்டிபட்டியில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தோம். எலக்‌ஷனில் ஜெயித்தவர் என்று நினைத்து வழியில் இரண்டு பேர் கும்பிட்டார்கள். அவரும் திருப்பிக் கும்பிட்டார்.

அப்படி வழியனுப்பப்பட்டவர்தான் இப்போது என் நாற்காலியில் இருந்தார்.

"வா தம்பி. சும்மா ஒரு நடை வந்தேன். டாக்டரு தெனம் நடக்கச் சொல்லியிருக்காரு."

நடக்கச் சொன்ன டாக்டர் என் நாற்காலியில் உட்காரவும் சொன்னாரா என்று கேட்டிருக்க வேண்டும். முதல் நாள் என்பதால் கேட்கவில்லை. அந்த மரியாதைக்கு நான் பிறகு நன்றாக அனுபவித்தேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக நின்றே குமுளிக்கும் தேனிக்கும் போய்வந்ததில் முதுகுத்தண்டில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனி ஓடுகிற வண்டியில் நிற்கக்கூடாது என்று மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்தார். முதலாளி இரக்கப்பட்டு இந்த வேலையைக் கொடுத்தார், ஆறு மாதம் டிரையல். கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை இது ஒன்றுதான். இது போனால் வீட்டுக்குத்தான். மூத்த மகள் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு விசில்

ஒரு வாரத்தில் நடை நின்றுபோகும் என்று நினைத்தேன். டி.கே. ஒரு நாள் லீவு போடவில்லை. சர்வீஸில் இருந்தபோது போட்ட லீவைக்கூட இப்போது போடவில்லை. தன் விசிலையும் கம்பெனியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"சும்மா உக்காந்தவன் எவன்யா ஆறு மாசம் தாண்டிருக்கான்?" என்று கேட்பார். ரிட்டயர்டு ஆகி வீட்டில் உட்கார்ந்து செத்துப்போனவர்களின் பட்டியல் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் தொண்ணூறு வயசில் செத்தவரும் உண்டு.

எதிர்க் கட்சியும் இருந்தது. எதிரே டீக்கடையில் ரிட்டயர்டு ரெவின்யூ கிளார்க் ஒருவர் காலை முழுக்க உட்கார்ந்திருப்பார். "ஒழைச்சது போதும்" என்பது அவர் கொள்கை. பேப்பரைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் புரட்டும் வரை காத்திருந்துதான் அடுத்த பக்கம் படிப்பார். இவர்கள் இருவரும் ஓய்வா உழைப்பா என்று தினமும் வாதாடுவார்கள். ஒருவர் என் நாற்காலியில் இருந்தும், மற்றவர் டீக்கடை பெஞ்சில் இருந்தும் கத்துவார்கள். நடுவில் நின்றுகொண்டிருந்தவன், டிஸ்க் நகர்ந்த நான்தான்.

மூன்றாம் மாதம் வினை வந்தது. போடி வண்டி டிரைவரோடு நான் டிரிப் ஷீட் விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தேன். கம்பம் வண்டியின் கண்டக்டர் மொக்கச்சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். டி.கே.யின் கைக்கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிஷம் முந்தி ஓடும். அதுதான் சரியான நேரம், ஊர்தான் பிந்தி ஓடுகிறது என்பது அவர் நம்பிக்கை. விசிலை எடுத்து ஊதிவிட்டார். கம்பம் வண்டி டிரைவர் பீட்டர் பதினோரு வருஷம் அந்த விசிலுக்கே வண்டி எடுத்தவர். திரும்பிப் பார்க்காமல் எடுத்துவிட்டார்.

பழனிசெட்டிபட்டியில் ஏற இறங்க ஆள் இல்லை. வீரபாண்டியில் வண்டியை நிறுத்தி 'ரைட்' வரும் என்று காத்திருந்தார் பீட்டர். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கண்டக்டரைக் காணோம். வண்டி நிறைய ஆள். ஒருவர்கூட வாயைத் திறக்காமல் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஜனங்கள் அவ்வளவு அமைதியாகப் பயணம் செய்து நான் கேள்விப்பட்டதே இல்லை. மொக்கச்சாமி டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதிரிக் கம்பெனி வண்டியில் டிக்கெட் எடுத்து வந்து சேர்ந்தார். அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு வாரம் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "ஏலே, ஒங்க கண்டக்டரு எங்க வண்டியில இருக்காரா பாக்கட்டுமா?" என்று கேட்டார்கள்.

ரிஜிஸ்டரில் இருந்தது என் கையெழுத்து. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா நடக்குது அங்கன?"

ஸ்டாண்டில் இரண்டு விசில் இருப்பதையும், டி.கே. தினமும் வருவதையும் சொன்னேன். சொல்லும்போதே முதலாளியின் கோபம் குறைந்து முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

"தெனமுமா வாராரு? சும்மாவா?"

"ஆமாங்க."

"நம்மகிட்ட ஒண்ணுமே கேக்கலயே."

"இல்லங்க."

"பாரேன், எப்பேர்ப்பட்ட விசுவாசம்!" என்று கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். "சும்மா ஒருத்தரு பாக்கும்போது அதுக்கு ரெண்டாவது ஆளு எதுக்குய்யா? ஒனக்கு வேற எடம் இருக்கான்னு பாக்கலாம். மாசக் கடைசி வரைக்கும் ஓடட்டும்."

வேறு இடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

நேராக டி.கே.யிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"நான் ஒனக்கு ஒத்தாசைதானே தம்பி பண்றேன். சம்பளமா கேக்குறேன்?"

"நீங்க சம்பளம் கேட்டாத் தேவலையே ஐயா. கேக்காததாலதான் என் சோத்துல மண்ணு விழுகுது."

அவருக்குப் புரியவில்லை. "வீட்டுல எனக்கு என்னய்யா வேலை இருக்கு?" என்று கேட்டுவிட்டு, போடி வண்டிக்கு விசில் ஊதப் போய்விட்டார்.

எருமையும் புண்ணாக்கும்

அவர் மனைவியிடம் முறையிடுவது என்று முடிவு செய்து ஒரு மத்தியானம் பழனிசெட்டிபட்டிக்குப் போனேன். நாங்கள் வாங்கிக் கொடுத்த ஈஸி சேரில் ஒரு புண்ணாக்கு மூட்டை நன்றாகச் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. சிவகாமி அக்கா எருமைத் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஐயாவக் கொஞ்சம் வீட்டுல இருக்கச் சொல்லுங்க."

வாளியைக் கீழே வைத்தார். "ஏன்யா, நான் ஒனக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?"

நான் முழித்தேன்.

"ரிட்டயர்டு ஆன மறுநா ஒரு நாளுதான்யா வீட்டுல இருந்தாக. காப்பி நாலு நிமிசம் லேட்டுன்னாக. இட்லி எறக்குனதுக்கு நேரம் எழுதுனாக. நான் பால் கறக்கையில பின்னால வந்து நின்னுக்கிட்டு, 'எடு எடு, பின்னால வண்டி நிக்கிது'ங்கிறாக. எருமை மெரண்டு எத்திருச்சு. அன்னிக்குப் பூராம் பால் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"அவுகளுக்கு மாலை போட்டு, சேர் குடுத்து, வண்டியில கொண்டாந்து எறக்குனீக. எனக்கும் அம்பத்தாறு முடிஞ்சிருச்சு. முட்டி ரெண்டும் நோவுது. ரிட்டயர்டு வேணும்னு நான் எங்கன போயி எழுதிக் குடுக்கணும்?"

மாசக் கடைசியில் என் வேலை போகப்போகிறது என்பதை மட்டும் சொன்னேன். ஐம்பது வயசு ஆள் இன்னொருவர் தொழுவத்தில் நின்று கண் கலங்குவது அழகாக இல்லைதான்.

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ஒன் மூத்தவ படிப்பு எப்ப முடியுது?"

"இன்னும் ஒரு வருசம் இருக்கு அக்கா."

"கம்பம் வண்டி காலையில எத்தன மணிக்கு?"

"ஆறு பத்து."

"சரி, போயிட்டு வா" என்று வாளியை எடுத்துக்கொண்டார்.

ஆறு பத்து

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. காலை ஆறு மணிக்கு சிவகாமி அக்கா ஒரு மஞ்சள் பையோடு கூண்டுக்கு முன்னால் வந்து நின்றார். நாற்காலியில் இருந்த டி.கே. எழுந்துவிட்டார்.

"என்ன இங்கன?"

"கம்பத்துக்குப் போறேன். தங்கச்சி வீட்டுக்கு."

"திடீர்னு என்ன?"

"டாக்டரு நடக்கச் சொன்னாருல்ல ஒங்கள. எனக்குஞ் சேத்துத்தான் சொல்லியிருப்பாரு. நான் கொஞ்சம் தூரமா நடக்குறேன்."

"எப்ப வருவ?"

"தெரியல. ரிட்டயர்டு ஆனவகளுக்கு என்ன அவசரம்?"

"மாடு?"

"ரெண்டும் கறக்காம நிக்கிதுக. இன்னுங் கொஞ்சத்துல கத்தும். அதுக ஒங்க வாட்ச்சு மாதிரி இல்ல, டயம் தவறாது."

வீட்டுச் சாவியை ரிஜிஸ்டர் மேல் வைத்துவிட்டு வண்டியில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். டீக்கடை பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. ரெவின்யூ கிளார்க்கும்கூட எழுந்தார்.

"பீட்டரு, வண்டிய எடுக்காத!" என்று டி.கே. கத்தினார்.

பீட்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டி.கே.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் எதிரிக் கம்பெனி வண்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. மொக்கச்சாமி இந்த முறை படிக்கட்டிலேயே இருந்தார். மணி ஆறு பத்து. இப்போது நான் ஊதினால், முப்பது வருஷம் அந்த ஸ்டாண்டையே ஆண்டவரை எல்லோர் முன்னாலும் ஒன்றுமில்லாமல் ஆக்குவேன். ஊதாவிட்டால் அவர் இங்கேயே இருப்பார், என் வேலை போய் மகள் படிப்பு நிற்கும். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது உண்மை. அந்த நொடியில் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

ஊதினேன். பீட்டர் எடுத்தார். என் விசிலுக்கு அவர் வண்டி எடுத்தது அதுதான் முதல் தடவை. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

டி.கே. சாவியை எடுத்துக்கொண்டு பழனிசெட்டிபட்டிப் பக்கம் புறப்பட்டார். அன்றுதான் அவர் டாக்டர் சொன்னதை உண்மையிலேயே செய்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர் போன வேகத்தை ஓட்டம் என்று சொன்னாலும் தப்பில்லை.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மாசக் கடைசியில் ஸ்டாண்டுக்கு வந்த முதலாளி கூண்டை எட்டிப் பார்த்து, "டி.கே. எங்கய்யா?" என்றார்.

"ரிட்டயர்டு ஆயிட்டாருங்க."

முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. வேறு வழியில்லாமல் என்னையே வைத்துக்கொண்டார். ஆறு மாதம் முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்கினார்.

சிவகாமி அக்கா மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பினார். வந்த பிறகும் காலைக் கறவை டி.கே.யிடமே இருந்துவிட்டது. ஒரு நாள் டீக்கடைக்குப் பால் கேனோடு சைக்கிளில் வந்தவரை, "உக்காருங்கய்யா" என்றேன். "உக்கார எங்க தம்பி நேரம்? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று பெடலை மிதித்தார். வீட்டில் வேலையே இல்லை என்று சொன்ன அதே வாய்தான்.

பாடம்

இளைஞர்களுக்கு ஒரு பாடம் சொல்லி முடிக்க வேண்டுமாம். ஓய்வு பெற்றவன் ஓடியாட வேண்டுமா, சாய்ந்திருக்க வேண்டுமா என்ற வாதத்தை இன்னும் எல்லா டீக்கடையிலும் கேட்கிறேன். வாதாடுகிற எவரும் வீட்டில் யார் இன்னும் வேலையில் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டால் வாதத்துக்கு அவசியமே இராது.

இவ்வளவு கண்ணால் கண்ட நானாவது ஒழுங்காக இருந்தேனா என்றால், இல்லை. பத்து வருஷம் கழித்து நானும் ரிட்டயர்டு ஆனேன். டி.கே. போல ஸ்டாண்டுக்குப் போய் இன்னொருவன் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது என்று வைராக்கியமாக வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததை ஒரு தியாகம் போலப் பலரிடம் சொல்லிக்கொண்டேன். என் மனைவிக்குக் கம்பத்தில் தங்கை இல்லை. பையை எடுத்துக்கொண்டு போக எந்த ஊரிலும் யாரும் இல்லை. அதனால் அவள் போகவில்லை. மூன்று வருஷம் நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பிறகு அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. கஞ்சி வைக்கிறேன் என்று அடுப்படிக்குள் போனேன். வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி, உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டேன்.