ராஜா இன்னும் வரவில்லை, துவான்

மலாக்கா காஜா பேராங்கில் இன்றைக்கும் நிற்கிற நம் சிற்றாலயத்தில் என் கை படாத இடம் கிடையாது. குண்டு விழுந்து கூரைத் தகரம் பறந்தபோது அத்தாப்பு ஓலை வேய்ந்தவன் நான். ஜப்பான்காரன் மணியைக் கழற்றிக்கொண்டு போனபோது, லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையத்தை மரத்தில் தொங்கவிட்டு ஊர் கேட்க அடித்தவன் நான். கோதுமை மாவு இல்லாத காலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவில் அப்பம் சுட்டேன். திராட்சரசத்துக்குச் செம்பருத்திப் பூவை அவித்துச் சாறு எடுத்தேன். குருப்பட்டம் பெறாதவன் திருவிருந்து கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டவர்களும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவன். புக்கிட் பாருவிலிருந்து டவுனுக்கு விறகு ஏற்றும் ஒற்றை மாட்டுவண்டி எனக்குச் சொந்தம். சொந்த உழைப்பில் வாங்கியது. சபை என் தலையில் விழுந்தது இப்படித்தான்: வெள்ளைக்காரப் பாதிரி ஐயரைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருக்கு அடுத்திருந்த உபதேசியாருக்குக் குளிர்காய்ச்சல். மருமகன் வேலை பார்த்த தோட்டத்துக்குப் புறப்பட்டவர், வழியில் என் வண்டியை நிறுத்தி ஆலயச் சாவியைக் கையில் திணித்தார்.

“தம்பி, பாத்துக்க. ஒரு வாரத்துல வந்துருவேன்.”

சண்டை முடிந்த பிறகுதான் வந்தார்.

அதுவரை ஞாயிறு தவறாமல் ஆராதனை நடத்தினேன். வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தால் மதியம் ஆகிவிடும் என்பதால் மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத இடத்தில் பாட்டு. என் குரல் அப்படி. வண்டிமாடே திரும்பிப் பார்க்கும்.

அந்தப் பாட்டில்தான் வினை வந்தது. நம் பாட்டுகளில் ‘ராஜா வருவார்’ என்று எத்தனை இடத்தில் வருகிறது! தமிழ் தெரியாத எவனோ ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறான். ஆனால் மலாயிலும் ராஜா என்றால் ராஜாதானே? அவன் போய், ‘கிளிங் ஆட்கள், அந்தத் தமிழர்கள், வெள்ளைக்கார ராஜா திரும்பி வரவேண்டும் என்று வாரம்தோறும் பாடுகிறார்கள்’ என்று போட்டுக்கொடுத்துவிட்டான். பண்டார் ஹிலிரில் இருந்த ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் ஒரு ஜப்பான் அதிகாரி. பக்கத்தில், நாம் மலாயில் சொல்வதை ஜப்பான் பாஷையில் சொல்ல ஓர் ஆள். நடந்த பேச்சைத் தமிழில் எழுதுகிறேன்; ஐயா என்பதற்கு நான் சொன்ன ‘துவான்’ மட்டும் மலாயிலேயே இருக்கட்டும்.

“எந்த ராஜா வரப்போறான்? வெள்ளைக்காரனா?”

“இல்ல துவான். எங்க ராஜா வானத்துல இருக்கார்.”

“வானத்துலயா? ஆகாய விமானத்துலயா?”

“விமானம் இல்ல. மேகத்துல.”

“எப்ப வருவான்?”

“யாருக்கும் தெரியாது. திருடன் மாதிரி வருவார்.”

மொழிபெயர்த்தவனுக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் சொன்னான். அதிகாரி எழுந்து நின்றார்.

“எத்தனை பட்டாளம்?”

“பட்டாளமே கிடையாது துவான். ஒரு கழுதை மேல வருவார்.”

கழுதைக்கு மலாயில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. மலாக்காவில் கழுதையை யார் கண்டது? நானும் கண்டதில்லை. என் அப்பா ஒருமுறை கத்திக் காட்டியிருக்கிறார். இரண்டு கையையும் காதாக வைத்துக்கொண்டு, அப்பா கத்தியதைப் போல நானும் கத்தினேன். ஆபீசில் தட்டச்சு அடித்தவர்கள் கை நின்றுவிட்டது. யாரோ களுக்கென்றார்கள். பிறகு அதிகாரியே பல் தெரியச் சிரித்தார். சிரித்து முடித்துச் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை நானே வருவேன். அந்த ராஜாவை எனக்குக் காட்டு. பொய்யாக இருந்தால் திங்கட்கிழமை உன் கோயில் உப்புக் கிடங்கு.”

வருகிற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. கர்த்தர் எருசலேமுக்குள் கழுதைமேல் வந்த நாள். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவன் நான்தான்.

வீட்டில் என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“வேதத்துல நல்ல மேய்ப்பன்னு இருக்கு, வெளிச்சம்னு இருக்கு. உங்களுக்குத் திருடன்தானா கெடச்சுது?”

“வாய்க்கு வந்தது அதுதான்டி.”

“உங்க வாய்க்கு வேற என்ன வரும்! கழுதைக்கு எங்க போவீங்க?”

“நம்ம மாடு இருக்குல்ல?”

மாட்டை அலங்கரிக்க வேண்டுமே. பக்கத்துக் கம்போங்கில் செட்டிக்காரர்கள் இருந்தார்கள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கியவர்கள்; தமிழ்ச் சாமி, மலாய்ப் பேச்சு. அவர்களில் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டும் சலங்கையும் சிவப்புத் துணியும் கேட்டேன். முழுக் கதையையும் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அப்ப எங்க சிவனோட வண்டியிலதான் உங்க ராஜா வர்றாரா?” என்றார் மலாயில். “பின்ஜாம், ஞாபகம் வச்சுக்க. சலங்கையும் துணியும் கடன்தான். ஓட்டிக்கிட்டே மேல போயிடச் சொல்லாத.”

சபையில் மூப்பராக இருந்த தையல்காரர் மட்டும் கலங்கினார். “அண்ணே, மாட்டு மேல யார் உக்கார்றது? ராஜான்னு எவன் உக்கார்ந்தாலும் அவனப் புடிச்சிட்டுப் போயிடுவானே?”

நியாயமான கேள்வி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நிமிடமே பதில் வந்தது. வேதசாஸ்திரம் படித்த பத்துப் பேரைக் கூட்டி வைத்திருந்தாலும் வந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

“யாரும் உக்கார வேணாம். காலியாவே வரட்டும்.”

ஞாயிறு காலை மாட்டுக்குச் சலங்கை, முதுகில் சிவப்புத் துணி. பிள்ளைகள் கையில் தென்னங்குருத்து. கிழங்கு தின்று கன்னம் ஒட்டிப்போயிருந்த சனம், அன்றைக்குக் கலியாண வீட்டுக்குப் போவதுபோல வந்தது. செட்டிக்காரர்கள் தங்கள் சாமியின் வாகனம் போகிறது என்று மேளத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தேன். ராஜா என்று வருகிற பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, இன்னும் ஒரு கட்டை ஏற்றிப் பாடவைத்தேன். ஒளித்துப் பாடினால்தானே குற்றம்?

ஆலய வாசலில் அதிகாரி நின்றிருந்தார். பக்கத்தில் அந்த மொழிபெயர்ப்பாளன், துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். மேளம் நின்றது. பாட்டும் நின்றது. அதிகாரி மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இது கழுதை இல்லை.”

“மலாக்காவுல கழுதை கெடைக்கல துவான்.”

“ராஜா எங்கே?”

ஆலயமா, உப்புக் கிடங்கா என்பது என் நாக்கில் இருந்தது.

“ராஜா இன்னும் வரல, துவான். வருவார்னுதான் பாடுறோம்.”

அவர் என்னைப் பார்த்தார். காலியாக இருந்த மாட்டு முதுகைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு சின்னப் பெண், பயம் என்றால் என்னவென்று தெரியாதவள், ஒரு குருத்தோலையை அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கினார். வாங்கிய கையோடு நிற்கும்போதே என் மாடு கழுத்தை நீட்டி, அதிகாரி கையில் இருந்த ஓலையை இழுத்து நிதானமாக மென்றது.

சிப்பாய்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர். பிறகு நாங்கள் எல்லோரும். என் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். அதிகாரி போகும்போது ஏதோ சொன்னார். அதை மொழிபெயர்ப்பாளன் எனக்குச் சொன்னான்: “உன் ராஜா வந்தா சொல்லி அனுப்பச் சொல்றார்.”

திங்கட்கிழமை உப்பு வரவில்லை. எந்தக் கிழமையும் வரவில்லை. ஜப்பான்காரன் போகிற வரைக்கும் அந்த இரும்பு வளையத்தை ஞாயிறுதோறும் அடித்தேன்.

பிறகு உபதேசியார் வந்து சாவியைக் கேட்டார். கொடுத்தேன். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆலயச் சுவரில் பதித்திருக்கிற பளிங்குக் கல்லில், ‘யுத்த காலத்தில் இச்சபையை வழிநடத்தியவர்’ என்று அவர் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அதற்கு எதிரில்தான் உட்காருகிறேன். மூன்றாம் வகுப்புப் படித்தவனுக்கு அந்த அளவு வாசிக்க வரும்.

சபைக் கமிட்டியாரிடம் இதையே எழுத்தில் கேட்கிறேன். கல்லை மாற்றுங்கள். என் பெயரைப் போடுங்கள். மாட்டையும் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது என் பெயருக்குக் கீழே வரட்டும்.