அவிழ்க்காத வெள்ளை டேப்

கடலுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது. ரேஸ் சைக்கிள் விற்றதோடு நிற்காமல், வாங்கியவர்களைச் சேர்த்து ஓர் அணியும் நடத்தி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைத்த சக பாவிகளே, நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். மீதிப் பாதியை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கருவாடு

கடை தூத்துக்குடியில், திரேஸ்புரத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. கதவைத் திறந்தால் உப்புக்காற்று உள்ளே வரும்; மூடினாலும் வரும். செயின் துருப்பிடிக்கும், பிரேக் கேபிள் இறுகும், ஸ்க்ரூ அதன் ஓட்டையோடு ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இரும்பாவது துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் கமுக்கமான ஆள். ரேஸ் சைக்கிளின் ஹேண்டில்பார் அலுமினியக் குழாய்; கை வழுக்காமலிருக்க அதன்மேல் டேப் சுற்றியிருப்போம். அந்த டேப்பில் வியர்வை ஊறி ஊறி, அடியிலிருக்கும் குழாயை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப்பை அவிழ்த்துப் பார்த்தே தீர வேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். 'ஒவ்வொரு சைக்கிளும் முழுதாகச் சோதித்துத் தரப்படும்' என்று வாசலில் பலகையே மாட்டியிருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் என்னிடம் சைக்கிள் வாங்கி, கடல் தெரிகிற பால்கனியில் மூன்று மாதம் நிறுத்தி வைத்துவிட்டார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். செயினை விரலால் தொட்டு, விரலை மோந்து பார்த்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க, நான் உங்ககிட்ட சைக்கிள்தானுங்களே வாங்கினேன்? இது கருவாடாயிருச்சுங்களே!"

கயிறு

எங்கள் அணியில் ஐந்து பேர். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இருவர், ஒரு பேங்க் கிளார்க், அப்புறம் ரீத்தா. எல்லோர் முதுகிலும் என் கடைப் பெயர் போட்ட மஞ்சள் பனியன். ஞாயிறு விடியற்காலையில் கரி லாரிக்கும் உப்பு லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கி உப்பளச் சாலையில் போவோம். காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். ஒருவர் முன்னால் போய் அந்தக் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வருவார்கள். எல்லைக்கோடு நெருங்கும்போது பின்னால் இருக்கும் ரீத்தா வெளியே வந்து பறப்பாள். மற்ற நால்வரும் உடம்பு இளைக்க வந்தவர்கள். ரீத்தா வேலைக்காக வந்தவள். இருபத்தாறு வயது. மாநில அணிக்குத் தேர்வானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்புக்கு அந்த ஒரு வருடம்தான் பாக்கி.

அவள் அப்பா சவேரி அண்ணன் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். மகள் அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்க்க ஒருநாள் கடைக்கு வந்தார். ஒருவர் பின்னால் ஒருவர் போவதை நான் விளக்கியதும், "முன்னால போறவன் காத்த வாங்குதான், பின்னால வாரவ கப்ப வாங்குதாளா?" என்று சிரித்தார். அப்புறம் அவள் சைக்கிளை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். கிளம்பும்போது சிரிப்பு இல்லை. "நாங்க தண்ணிக்குள்ள எறங்குதப்போ மேல வள்ளத்துல கயிறு பிடிக்கவன நம்பித்தான் எறங்குதோம். இவளுக்கு நீங்கதான் கயிறு பிடிக்கீங்க. பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

தோற்கிற வரைக்கும்

அணிக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு போட்டியில் ஜெயித்துவிட்டால், அடுத்துத் தோற்கிற வரைக்கும் ஹேண்டில்பார் டேப்பை மாற்றக் கூடாது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. கடைச் சட்டத்துக்கு இது நேர் விரோதம் என்றாலும் நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஏனென்றால் எங்கள் ஆட்கள் தவறாமல் தோற்பார்கள், டேப்பும் தவறாமல் மாறும்.

ரீத்தா தோற்கவில்லை. வெள்ளை டேப்போடு மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள். அதற்கப்புறம் இன்னும் மூன்று போட்டி. டேப் பழுப்பாகி, பிறகு கறுப்பாகி, ஓரம் பிசிறடித்தது. ஆறு மாதம் போய் ஒரு வருடமே தாண்டிவிட்டது. நான் நாசரேத்துக் கிறிஸ்தவன், தாயத்து, கயிறு, ராசி என்று வீட்டில் ஒன்றும் கிடையாது, மற்றவர்களைக் கேலி செய்வதற்குக் குறைச்சலும் கிடையாது. "ஒரு துண்டு டேப்பா ஏளா ஒன்ன ஜெயிக்க வைக்கு?" என்று அவளைக் கேட்டேன். என் கடை மெக்கானிக் முருகேசன்தான், கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார்: "சாமிகிட்ட கோவிச்சுக்கிட்டாலும் சமாதானம் ஆயிரலாம் அண்ணாச்சி. ஜெயிச்ச டேப்ப அவுத்துட்டா அது திரும்ப வராது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

மாநிலத் தேர்வுப் போட்டி ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மாவட்டத்தில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரீத்தா சைக்கிளைக் கொண்டுவந்து விட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "அண்ணாச்சி, அவுக்கணும்னா அவுத்துப் பாத்துக்கிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவளே சொன்னாள்.

செயினைக் கழுவினேன், பிரேக் கட்டையை மாற்றினேன், சக்கரக் கோட்டம் எடுத்தேன். கடைசியாகப் புது டேப் சுருளைக் கையில் எடுத்தேன். ஹேண்டில்பாரின் வலது முனையில், மூடிக்குப் பக்கத்தில், கொஞ்சம் வெள்ளைப் பொடி தெரிந்தது. விரலால் துடைத்தேன். அது என்ன பொடி என்று எனக்குத் தெரியாதா? பத்து வருடமாக அதைத்தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அவிழ்க்கவில்லை. நேரமில்லை என்று சொன்னால் பொய். அவள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. என் கடைப் பெயர் போட்ட பனியன் மாநில மேடையில் ஏற வேண்டும் என்றும் ஆசை. நாலு தடவை ஜெயித்த டேப்பை அவிழ்க்க எனக்கே பயமாக இருந்தது. சுருளை மேசை டிராயருக்குள் போட்டு மூடினேன். முருகேசன் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ரீத்தா வந்தாள். பழைய டேப் அப்படியே இருப்பதைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. "எங்களைக் கேலி பண்ணுவீங்க. கடைசில நீங்களும் நம்புதீங்கல்லா, அண்ணாச்சி?"

இருநூறு மீட்டர்

போட்டியை நான் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசி இருநூறு மீட்டரில் ரீத்தா இரண்டாவதாக வந்தாள். சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து, முழு பலத்தையும் போட்டு மிதித்தாள். முன்னால் போனவளைத் தொட்டுவிட்டாள். நான் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது வலது பக்க ஹேண்டில்பார் அவள் கையோடு கழன்று வந்தது. ஒடிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தோளும் கையும் தரையில் அடிக்க விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போய்க் கோட்டைத் தாண்டினார்கள்.

தோள் எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் அழவில்லை. யார் ஜெயித்தது என்று மட்டும் கேட்டாள். நான் பின்னால் ஏறப்போகையில், வேறொரு அணியின் மெக்கானிக் ஒடிந்த துண்டை எடுத்துவந்து, டேப்பைப் பிரித்துக் காட்டினார். குழாய் உப்பு அரித்த சுவர் மாதிரி இருந்தது. அதை அவர் தட்ட, வெள்ளைப் பொடி என் கையில் கொட்டியது. அவர் கோபப்படவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "இந்த வண்டிய யாரு பாத்துக்கிட்டது?"

சவேரி அண்ணன் வந்தார்

மறுநாளே அணியின் மற்ற நால்வரும் சைக்கிளோடு வந்து நின்றார்கள். முருகேசன் வரிசையாக நான்கு டேப்பையும் அவிழ்த்தார். நான்கு குழாயும் நன்றாக இருந்தன, ஏனென்றால் நால்வரும் ஒழுங்காகத் தோற்றவர்கள்.

பத்து நாள் கழித்துச் சவேரி அண்ணன் வந்தார். நான் எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். உண்மையில் அவர் அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ எல்லாத்தையும் சொல்லிட்டா அண்ணாச்சி. டேப்ப அவுக்கணும்னு நீங்க தலபாடா அடிச்சுக்கிட்டீங்களாம், இவதான் விடலையாம். பிடிவாதம் பிடிச்ச கழுத. நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க."

முருகேசன் பஞ்சர் தொட்டித் தண்ணீரைக் கொட்டப் போகிறவர் மாதிரி எழுந்து வெளியே போய்விட்டார். போகும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இப்பமாவது வாயத் தொறங்க, அண்ணாச்சி."

ஸ்டூல்

வாயைத் திறக்கவில்லை. அது நடந்து இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. ரீத்தாவின் தோள் கூடிவிட்டது. மணிக்கட்டு பாதிதான் மடங்குகிறது, பிரேக்கை அழுத்திப் பிடிக்க வரவில்லை. வயது வரம்பும் தாண்டிவிட்டது. மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில், ஐஸ் அறையில், இறால் பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை. குளிரில் கை வலிக்கிறதாம். போன வாரம் வேலை முடிந்து கடைக்கு வந்து, அப்பா உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். தான் சைக்கிளை விட்ட பிறகு அணிக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஏன் ஏளா அப்பாகிட்ட பொய் சொன்ன? நீ அவுக்கச் சொன்னேல்லா? நான்தான அவுக்கல? இன்னைக்கே வந்து அவர்ட்ட சொல்லிருதேன்" என்றேன். அவள் வலது மணிக்கட்டை இடது கையால் அமுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். என்மேல் கோபமில்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள், அதுவும் நிறைய. அதைச் சொன்ன அதே குரலில் இதையும் சொன்னாள். "வேண்டாம் அண்ணாச்சி. கயிறு பிடிச்சவரே கைய விட்டுட்டாருன்னு தெரிஞ்சா, அப்பா நாளைக்கு யார நம்பித் தண்ணில எறங்குவாரு?"

அவள் போன பிறகு வாசல் பலகையைக் கழற்றிவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரோடு போனேன். பதினோரு வருட உப்பில் அதன் ஸ்க்ரூக்கள் இறுகிப்போய் அசையவே இல்லை, எழுத்து மட்டும் நேற்று எழுதியது போலப் பளிச்சென்று இருக்கிறது: 'ஒவ்வொரு சைக்கிளும் முழுதாகச் சோதித்துத் தரப்படும்.'